உள் அளவா, வெளி அளவா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு டிவி அலமாரி இருக்கிறது. அதை வரைந்தது நான்தான் என்று வருகிறவர்களிடம் நானாகச் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அவர்களே, “இது யார் சார் டிசைன் பண்ணினது?” என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்கிற தொனியிலேயே அவர்களுக்குப் பதில் தெரியும் என்பது தெரிந்துவிடும். டிவி அலமாரிக்குள் இல்லை. அதற்கு முன்னால் தொங்குகிறது. வலது கதவு மூடாது. மேல் பலகையிலும் அடிப்பலகையிலும் வட்ட வட்டமாக ஓட்டைகள். இசைத்தட்டுகளுக்கென்று அடித்த தட்டில் மனைவியின் பழைய பாக்கெட் நாவல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. விசாரித்துக்கொண்டே போனால் எல்லாக் காரணமும் என் வாசலில் வந்து நிற்கும்.

அப்பா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு டிவி வர எண்பதுகள் ஆயிற்று. சாலிடேர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிகளே டிவி செய்து விற்ற காலம். அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு மரக்கூடு, நான்கு கால், இழுத்து மூடுகிற ஷட்டர். டிவியும் அலமாரியும் ஒரே சாமான்தான். கரண்டுக்கு ஒரு ஒயர், ஆண்டெனாவுக்கு ஒரு ஒயர், அதோடு சரி. பின்மூடியில் வரிசையாகக் கீற்றுக் கீற்றாகத் துளைகள் இருக்கும். அதன் வழியே உள்ளே எட்டிப் பார்த்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்தத் துளைகள் எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

இன்றைக்கு டிவி தகடாக மெலிந்துவிட்டது. அதற்குப் பதிலாக, கூட வருகிற பரிவாரம் பெருத்துவிட்டது. செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர், மகனின் கேம் பெட்டி, வைஃபை ரூட்டர், அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகள், அவற்றைக் கேட்பதற்காக நான் வாங்கிய ரெக்கார்ட் பிளேயர். எல்லாவற்றுக்கும் வால் உண்டு. அந்த வால்கள் கூடத்துத் தரையில் பின்னிக் கிடந்ததைப் பார்த்துத்தான் மனைவி ஒரு நாள், “ஏங்க, இதையெல்லாம் ஒரு கதவுக்குப் பின்னாடி போட்டு மூட முடியாதா?” என்றாள். நியாயமான ஆசை. அவள் கேட்டது ஒரு கதவு. நான் அதை ஒரு லட்சியமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் ரெடிமேடாகத் தேடினோம். கடைகளில் டிவி யூனிட் என்று வைத்திருந்தவை எல்லாம் சுவரில் மாட்டிய டிவிக்குக் கீழே அழகுக்குக் கிடக்கிற ரகம். ஒரு செட்டாப் பாக்ஸும் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டியும் வைக்கலாம். ஆம்ப்ளிஃபையர்களுக்கு ஏறக்குறைய ஒரு பொது அகலம் உண்டு. பெரும்பாலானவை 17 அங்குலத்தை ஒட்டியே வரும். ஆழம் 15 அங்குலம் வரை போகும். எடையும் பத்துக் கிலோவை நெருங்கும். கடைக்காரப் பையனிடம் இதைச் சொன்னேன். “இன்னும் அதெல்லாம் வச்சிருக்கீங்களா சார்?” என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டான். அழுத்திப் பார்த்த தட்டுகள் எல்லாம் மரத்தூளைப் பசையில் பிசைந்து அமுக்கிய பலகை. தண்ணீர் பட்டால் ஊதும், பாரம் வைத்தால் தொய்யும். “நாமே செஞ்சுக்கலாம்” என்றேன். மனைவி பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் பிளைவுட் படித்தேன். ஈரத்தை ஓரளவு தாங்குவது ஒரு ரகம், கொதிநீரையும் தாங்குவது இன்னொரு ரகம். எல்லாவற்றுக்கும் மேலே ஐ.எஸ். 710 என்ற மரைன் ரகம். அந்த முத்திரைக்கு 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் அடுக்குகள் பிரியக்கூடாது. கூடத்தில் வைக்கிற அலமாரியை யாரும் வேகவைக்கப் போவதில்லை. ஆனாலும் மரைன்தான் வேண்டும் என்று நின்றேன். “2015 டிசம்பரை மறந்துட்டியா? வெள்ளம் வந்தா?” என்று மனைவியிடம் கேட்டேன். “நாம மூணாவது மாடிங்க” என்றாள். பலகை விஷயத்தில் இன்றுவரை ஒரு குறையும் கிடையாது. அலமாரியில் சரியாக அமைந்த ஒரே அம்சம் தேவையில்லாத அம்சம்.

ஆசாரி வந்தார். அப்பா, தாத்தா காலத்திலிருந்து தச்சு வேலை. காதில் பென்சில், சட்டைப் பையில் டேப். அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துப் பேசுகிற மனிதர். நான் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, வரைகட்டத் தாளில் கலர் கலராகப் போட்டிருந்த என் படத்தை நீட்டினேன். நன்றாக வரைந்திருந்தேன் என்பதை இப்போதும் மறுக்க மாட்டேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“சார், நடுப்பொட்டி நாப்பத்தொம்பது இன்ச்சுன்னு போட்டிருக்கீங்க. உள் அளவா, வெளி அளவா?”

“நாப்பத்தொம்பதுன்னா நாப்பத்தொம்பதுதான் அண்ணே.”

“இல்ல சார், பிளை தடிமன் ஒண்ணு இருக்குல்ல…”

“படத்துல இருக்கிற மாதிரியே போடுங்க. எல்லாம் கணக்குப் பண்ணித்தான் வரைஞ்சிருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார், பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டார். தொழில் தெரிந்தவர்கள் ஒரு தடவைதான் கேட்பார்கள்.

நான் கணக்குப் பண்ணியிருந்தது பொய்யில்லை. 55 அங்குல டிவி என்றால் அந்த 55 மூலைக்கு மூலை அளப்பது. அகலம் 48 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. இது பல பேருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஒரு மிதப்பு. அதனால்தான் 49. எனக்குத் தெரியாமல் போனது, என் படத்தில் பலகை என்பது வெறும் கோடு என்பது. கோட்டுக்குத் தடிமன் கிடையாது. பிளைக்கு உண்டு, 18 மில்லிமீட்டர். அதன் உள்பக்கம் ஒட்டுகிற மைக்கா ஒரு மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 38 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலம். 49 என்று நான் வரைந்த பெட்டிக்குள் இருந்தது 47½.

டிவியை இரண்டு பேர் தூக்கிப் பிடித்து உள்ளே நுழைக்கப் பார்த்தோம். நேராகப் போகவில்லை, சாய்த்துப் பார்த்தோம், போகவில்லை. ஆசாரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “முன்னாடி மாட்டிக்கலாம் சார், கம்பி வச்ச ஸ்டாண்டு கிடைக்குது” என்றார் கடைசியில். அப்படித்தான் டிவி இன்றைக்கு நீளும் கையோடு கூடிய ஸ்டாண்டில் பெட்டிக்கு முன்னால் தொங்குகிறது. பின்னால் கிடக்கிற பெட்டிக்குள் தூசி, ரிமோட் பேட்டரி, எப்போதோ தொலைந்த ஒரு இறகுப் பந்து.

உயரமும் சொதப்பல்தான். கீழே ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு தட்டு, அதன் மேல் இழுப்பறை, அதற்கு மேல் டிவி என்று அடுக்கிக்கொண்டே போனேன். சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்கும். திரையின் நடு அதை ஒட்டி இருக்கவேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. எங்கள் வீட்டில் திரையின் நடு ஐந்தடியில் இருக்கிறது. அம்மா முதல் நாள் சீரியல் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏன்டா, கோபுர தரிசனம் மாதிரி அண்ணாந்தே பாக்கணுமா? கழுத்து போச்சுடா.” இப்போது அம்மாவுக்கு மட்டும் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று தனியாக இருக்கிறது. அலமாரிச் செலவில் அதையும் சேர்க்கவேண்டும் என்பது மனைவியின் கட்சி.

ஆனாலும் கதவுகள் அழகாக மூடின. மெல்லத் தானாகச் சாத்திக்கொள்கிற கீல், சாதாரணக் கீலைவிட நல்ல விலை. விரலால் லேசாகத் தள்ளினால் போதும், கடைசி இரண்டு அங்குலத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். வந்தவர்களுக்கெல்லாம் திறந்து திறந்து மூடிக் காட்டினேன். உள்ளே ஒயர்க் காடு, வெளியே தேக்கு நிறம். அந்த வாரம் முழுக்க நான் வெற்றி பெற்ற மனிதன்.

பிறகு மகன் ரிமோட்டை எடுத்து அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. ரிமோட்டிலிருந்து வருவது அகச்சிவப்புக் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம். வெளிச்சத்துக்கு உள்ள எல்லாக் குணமும் அதற்கு உண்டு. கண்ணாடியில் நுழையும், பிரம்புப் பின்னலின் சந்தில் நுழையும், மெல்லிய துணியில்கூடப் பெருமளவு நுழையும். முக்கால் அங்குல மரைன் பிளையில் நுழையாது. 72 மணி நேரம் வேகவைத்தாலும் நுழையாது. சத்தம் கூட்ட ஒரு தடவை எழுந்து போய்க் கதவைத் திறக்கவேண்டும், விளம்பரம் வந்தால் குறைக்க இன்னொரு தடவை. ரிமோட்டைக் கண்டுபிடித்தவர்கள் எதற்காகக் கண்டுபிடித்தார்களோ அதை நான் ஒரு கதவு போட்டு ரத்து செய்திருந்தேன்.

ரிச்சி தெருவுக்குப் போய் அதற்கும் ஒரு சாதனம் வாங்கிவந்தேன். கதவுக்கு வெளியே ஒரு சின்னக் கண்ணை ஒட்டிவிட்டால் ரிமோட்டின் கதிரை வாங்கி ஒயர் வழியே உள்ளே கொண்டுபோய்த் திரும்ப உமிழும். அதை ஒட்டி, ஒயரை இழுத்து, வேலை செய்யவைத்த பிறகுதான் மகன் டிவியின் செட்டிங்கில் எதையோ தட்டினான். டிவி ரிமோட்டிலேயே ஆம்ப்ளிஃபையரின் சத்தம் ஏறி இறங்கியது. எச்டிஎம்ஐ ஒயர் வழியாக ஒரு சாதனம் இன்னொன்றுக்குக் கட்டளை சொல்ல முடியும். சிஇசி என்று பெயர். ஆண்டுக்கணக்காக இருக்கிற வசதி. “இது ஏன்டா முன்னாடியே சொல்லல?” என்றேன். “நீங்க கேக்கலையேப்பா” என்றான். ஆசாரி கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. மகனிடம் பதில் இருந்தது, நான் கேட்கவில்லை. இந்த அலமாரியின் வரலாறே இவ்வளவுதான்.

அடுத்தது வெப்பம். ஆம்ப்ளிஃபையர் வகையறாவில் எங்கள் வீட்டில் உள்ளது பழைய பாணி. சுவரிலிருந்து இழுக்கிற மின்சாரத்தில் கொஞ்சத்தைத்தான் சத்தமாக்கும், மிச்சத்தைச் சூடாக்கி மேலே விடும். கையேட்டில் மேலேயும் பக்கங்களிலும் எத்தனை அங்குலம் இடைவெளி விடவேண்டும் என்று படம் போட்டே காட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் வரை நான் போகவில்லை. தட்டின் உயரத்தை ஆம்ப்ளிஃபையரை அளந்து, கூட ஒரு விரற்கடை விட்டு முடித்திருந்தேன். இடம் வீணாகக்கூடாதே.

தீபாவளிக்கு மனைவியின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. சிறப்புத் திரைப்படம், கதவு மூடியபடி, சத்தம் தாராளமாக. உச்சக்கட்டச் சண்டையில் கதாநாயகன் கையை ஓங்கினான், அடி விழுகிற சத்தம் வரவில்லை. அதன் பிறகு எந்தச் சத்தமும் வரவில்லை. கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்த அனல். சூடு எல்லை மீறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாக அணைந்துவிடுமாம். மைத்துனர் நல்லவர். “ஊமைப் படமா பாத்தாலும் நல்லாத்தான் இருக்கு மாப்ள” என்றார். உள்ளே இருக்கிற கெபாசிட்டர்களுக்கு வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் தோராயக் கணக்கு. ஒரே மழைக்காலத்தில் நான் அதற்கு எத்தனை வயது கூட்டினேனோ.

மறுவாரம் டிரில்லில் வட்ட ரம்பத்தை மாட்டி மேல் பலகையில் ஓட்டை போட்டேன். சூடு குறையவில்லை. மேலே போகிற காற்றுக்கு ஈடாகக் கீழேயிருந்து காற்று உள்ளே வந்தால்தான் அது மேலே போகும். விறகடுப்புக்கு ஊதுவாய் வைத்த எங்கள் பாட்டிக்கு இது தெரியும். பட்டப்படிப்பு முடித்த எனக்கு ரம்பத்தைக் கழற்றி வைத்த பிறகுதான் தெரிந்தது. அடியிலும் ஓட்டை போட்டேன். கம்ப்யூட்டர் விசிறி ஒன்றையும் பொருத்தினேன். சூடு தணிந்தது. படத்தில் யாராவது ரகசியம் பேசினால் மட்டும் விசிறியின் இரைச்சல் அதற்கு மேலே கேட்கும். ஓட்டைகள் வழியே ஒரு பல்லி குடிவந்தது. வெதுவெதுப்பான இடம், பூச்சிக்குப் பஞ்சமில்லை. இந்த அலமாரி கச்சிதமாகப் பொருந்திய ஒரே ஜீவன் அதுதான்.

அப்போதுதான் ஆழமும் பல்லை இளித்தது. ஆம்ப்ளிஃபையர் 15 அங்குலம், தட்டு 16 அங்குலம், ஒரு அங்குலம் உபரி என்று நினைத்திருந்தேன். பின்னால் செருகுகிற எச்டிஎம்ஐ முனைக்கும் ஸ்பீக்கர் ஒயர் முனைக்கும் இரண்டு மூன்று அங்குலம் வேண்டும். இத்தனை நாள் ஒயர்களை மடக்கி, பின்பலகையில் அழுத்தி, எப்படியோ கதவைச் சாத்தியிருக்கிறேன். ஒரு முனை முறிந்து கையோடு வந்தது. பின்பலகையைக் கழற்றிவிடலாம் என்று ஆசாரிக்குப் போன் போட்டேன். “அதக் கழட்டாதீங்க சார். அதுதான் பொட்டியை மூலமட்டத்துல புடிச்சு நிறுத்துது. எடுத்தீங்கன்னா ஒரு பக்கமா சாயும்” என்றார். இந்தத் தடவை கேட்டுக்கொண்டேன். ஆம்ப்ளிஃபையரையே முன்னால் இழுத்தேன். மூக்கு வெளியே வந்தது, வலது கதவு மூடாமல் போனது.

கதவு மூடாததால் காற்று வந்தது. காற்று வந்ததால் விசிறியைக் கழற்றினேன். ரிமோட்டும் எந்தச் சாதனத்தின் உதவியும் இல்லாமல் நேராக வேலை செய்கிறது. எல்லாப் பிரச்சினையும் ஒரேயடியாகத் தீர்ந்தது. என்ன, எதை மறைக்க இந்த அலமாரி அடித்தோமோ அது கூடத்துக்கு வருகிற எல்லோருக்கும் பளிச்சென்று தெரிகிறது. மெல்லச் சாத்திக்கொள்கிற கீல் சாத்துவதற்கு வாய்ப்பே இல்லாமல் ஓய்வில் இருக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இசைத்தட்டு 12 அங்குலம் என்று உலகத்துக்கே தெரியும். அதனால் தட்டின் உயரம் 12 அங்குலம் வைத்து, நான்கு நூல் தாராளமாக விட்டேன். இந்தத் தடவை உள் அளவா வெளி அளவா என்று ஆசாரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இசைத்தட்டின் அட்டை உறை மட்டுமே 12 அங்குலம் மூன்று நூல் வரும். பலகையின் தடிமன் போக மிஞ்சிய இடத்தில் அப்பாவின் எச்எம்வி தட்டு எதுவும் நிற்காது. பாக்கெட் நாவல்கள் ஜோராக நிற்கின்றன. ரெக்கார்ட் பிளேயர் அதன் தட்டில் அழகாக உட்கார்ந்தது. மூடியைத் திறந்தால் மேல் தட்டில் இடிக்கிறது. மூடியைத் திறக்காமல் இசைத்தட்டை வைக்க வழி கிடையாது. அது இப்போது படுக்கையறையில் இருக்கிறது. சுவரோரத்து டைல்ஸ் பட்டை அரை அங்குலம் துருத்திக்கொண்டிருப்பதால் அலமாரி சுவரோடு ஒட்டாது. அந்த இடுக்கில் விழுந்த எதையும் நாங்கள் திரும்பப் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருகிற சுவிட்ச் போர்டு அலமாரிக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டது. அதை அணைக்க, கேம் பெட்டியை எடுத்துக் கீழே வைத்து, தோள் வரை கையை உள்ளே விட்டுத் துழாவவேண்டும். எங்கள் வீட்டில் மகன் கை மட்டும்தான் நுழையும். அவன் கல்லூரி விடுதிக்குப் போனால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

உட்கார்ந்து யோசித்தால் எல்லாப் பிழையும் ஒரே பிழைதான். பொருள்களை நூல் சுத்தமாக அளந்தேன். அவற்றைச் சுற்றி வேண்டிய வெறும் இடத்தை அளக்கவில்லை. காற்றுக்கு இடம், ஒயர் வளைவதற்கு இடம், மூடி திறக்க இடம், கை நுழைய இடம். வெறும் இடத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற கஞ்சத்தனம். சதுர அடிக்கு விலை பேசுகிற ஊரில் குடியிருந்து குடியிருந்து வந்த புத்தியாக இருக்கலாம். இல்லை, ஊர்மேல் பழி போடுவானேன், என் புத்திதான்.

இத்தனை பட்டதில் ஒரு லாபம், எங்கள் அடுக்ககத்தில் நான் நிபுணனாகிவிட்டேன். யாராவது டிவி யூனிட் என்று வாயெடுத்தால் மறித்துக்கொண்டு உட்காரவைத்து வகுப்பெடுப்பேன். போன மாதம் எதிர்வீட்டுக்காரர் பிடிபட்டார். பிளை, மைக்கா, அகச்சிவப்பு, கெபாசிட்டர் என்று ஒரு மணி நேரம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரொம்ப நன்றி சார். நம்மது அறுபத்தஞ்சு இன்ச்சு டிவி. அதனால நடுவுல உள்ளுக்கு அறுபத்தஞ்சு இன்ச்சு அகலம் வரணும்னு நேத்தே சொல்லிட்டேன், பிளைகூட வெட்டியாச்சு” என்றார்.

எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. 65 என்பது மூலைக்கு மூலை, அகலம் 57 அங்குலம்கூட வராது என்பது அவருக்குத் தெரியவில்லை. எட்டு அங்குலத்துக்கு மேல் சும்மா கிடக்கும். பலகையை வெட்டிய பிறகு சொல்லி மனிதரை ஏன் நோகடிக்கவேண்டும் என்று பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொல்லிச் சிரித்தேன்.

வேலை முடிந்ததும் பார்க்கக் கூப்பிட்டார்கள், மனைவி போய்விட்டு வந்தாள். டிவி உள்ளே அடக்கமாக உட்கார்ந்திருக்கிறதாம். இரண்டு பக்கமும் நான்கு நான்கு அங்குலம். காற்று போகிறது, ஒயர் போகிறது, பிளக்கைப் பிடுங்க அந்த வீட்டம்மாவின் கை வளையலோடு போய்விட்டு வருகிறது.

“அவருக்கு எப்படிங்க இவ்வளவு விவரம்?” என்று கேட்டாள்.

நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன்.